சேர்ந்தே ஏறும் கோடுகள்

நெய்வேலி புத்தகக் கண்காட்சிக்குப் போகும்போதெல்லாம் சித்தப்பாவோடு எனக்கு ஒரு சண்டை வரும். புத்தகத்தைப் பற்றி இல்லை. அவர் சுரங்கத்தில் கன்வேயர் பகுதியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். புத்தகம் என்றால் வாழ்த்து அட்டை மாதிரி ஒரு நல்ல பொருள் என்ற அளவில்தான் அவருக்கு மரியாதை. சண்டை வேறு விஷயத்துக்கு. கண்காட்சி வாசலில் டீ குடிக்கும்போது எப்படியோ அது ஆரம்பித்துவிடும்.

“1962க்கு முன்னாடி இந்த ஊரு என்னடா? முந்திரிக்காடு, செம்மண்ணு. கரண்ட் வந்துச்சு, எல்லாம் வந்துச்சு. இந்த ஊருக்கு மட்டும் இல்ல, தமிழ்நாட்டுக்கே.”

“தமிழ்நாடு கரண்ட் கேட்டதாலதானே சித்தப்பா இங்க தோண்டவே வந்தாங்க? கோயம்புத்தூர்ல மில்லு ஓடிக்கிட்டிருந்துச்சு, மெட்ராஸ்ல ஃபேக்டரி ஓடிக்கிட்டிருந்துச்சு. பசி இருந்ததாலதான் சோறு ஆக்குனாங்க.”

“சோறு தின்னதாலதான்டா ஆளு வளந்தான்.”

இதற்கு மேல் இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. டீ கிளாஸை வைத்துவிட்டு உள்ளே போவோம்.

மின்சாரத்தால் வளர்ச்சியா, வளர்ச்சியால் மின்சாரமா? குடும்பச் சண்டை மாதிரி தெரிந்தாலும் இது குடும்பத்தோடு முடிகிற கேள்வி இல்லை. 2023 ஜூலையில் வளையமாதேவியில் பயிர் நின்ற வயலுக்குள் பரவனாற்றின் மாற்றுக் கால்வாய்க்காக இயந்திரங்கள் இறங்கியதை டிவியில் பார்த்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த வாரம் முழுக்க ஒரு தரப்பு திரும்பத் திரும்பச் சொன்ன வாதம், மின்சாரம் இல்லாமல் வளர்ச்சி இல்லை என்பது. நெல்லா, கரியா என்று கேட்டவர்களுக்கும் அதுதான் பதிலாக வந்தது. அந்த வாக்கியம் உண்மையாக இருக்கலாம். அதை எப்படிச் சோதிப்பது என்பதுதான் என் பிரச்சினை.

ஒரு சுலபமான வழி இருக்கிறது. நான் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கும்போது அதைத்தான் செய்தேன். வருடாவருடம் எவ்வளவு மின்சாரம் செலவானது, வருடாவருடம் வருமானம் எவ்வளவு, இரண்டையும் எக்செலில் போட்டு ஒரு படம் வரைந்தேன். இரண்டு கோடுகளும் கைகோத்துக்கொண்டு மலை ஏறின. ஒட்டுறவுக் கெழு ஒன்றைத் தொட்டுக்கொண்டு நின்றது. ஆராய்ச்சியே முடிந்துவிட்டது என்று நினைத்தேன். என் ஆசிரியர் அதைப் பார்த்துவிட்டு, “இதே காலத்துல தமிழ்நாட்டுல எத்தனை தியேட்டர், எத்தனை கல்யாண மண்டபம், எத்தனை பல் டாக்டர்னு போட்டாலும் இதே படம்தான் வரும்” என்றார். அன்று ராத்திரிதான் யூல் என்ற பெயரை முதன்முதலாகப் படித்தேன்.

ஜார்ஜ் உட்னி யூல். 1871இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இந்தக் குடும்பப் பெயர் வேறு வழியில் தெரிந்திருக்கலாம். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி என்று நம்மூர்ச் சொற்கள் ஆங்கிலத்துக்குள் போன கதையெல்லாம் இருக்கிற ‘ஹாப்சன்-ஜாப்சன்’ அகராதியை 1886இல் பர்னலோடு சேர்ந்து கொண்டுவந்த ஹென்றி யூல், இவருடைய சித்தப்பா. அந்த பர்னல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்து, அரண்மனை நூலகத்தின் சமஸ்கிருதச் சுவடிகளுக்கு அட்டவணை போட்டவர். உட்னி யூலின் அப்பாவும் இந்தியாவில் கம்பெனி காலத்து அதிகாரி. சித்தப்பா சொற்களைச் சேர்த்தார், பிள்ளை எண்களைச் சேர்த்தார்.

1925 நவம்பரில், லண்டனில் ராயல் புள்ளியியல் கழகத்தின் தலைவராக யூல் ஒரு உரை நிகழ்த்தினார். அடுத்த வருடம் அது அச்சில் வந்தது. காலத்தொடர்களுக்கு இடையே சில சமயம் ஏன் அபத்தமான ஒட்டுறவுகள் வருகின்றன என்பதே தலைப்பு. அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் இது: 1866 முதல் 1911 வரை இங்கிலாந்தில் நடந்த கல்யாணங்களில் ஆங்கிலிகன் திருச்சபையில் நடந்தவை எத்தனை பங்கு என்று ஒரு கோடு. அதே வருடங்களில் இறப்பு விகிதம் இன்னொரு கோடு. இரண்டும் சேர்ந்தே இறங்கின. கெழு 0.95. அதாவது சர்ச்சில் கல்யாணம் செய்வது குறையக் குறைய, ஜனங்கள் சாவதும் குறைகிறது.

ஆள் கெட்டிக்காரராக இருந்தால் இதற்கும் ஒரு காரணம் சொல்லிவிடலாம் என்கிறார் யூல். அறிவியல் மனப்பான்மை பரவியது, அதனால் சர்ச்சும் குறைந்தது, சாவும் குறைந்தது என்று. ஆனால் அவர் அந்த வழியில் போகவில்லை. மனிதர்கள் சொல்கிற காரணத்தை விட்டுவிட்டு, எண்களின் உடம்புக்குள் என்ன நோய் என்று பார்த்தார். அவர் கண்டது: நாம் ஒட்டுறவுக் கெழுவைக் கற்றுக்கொண்டது ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத தனித்தனி அளவுகளை வைத்து. நூறு பேரின் உயரம், நூறு பேரின் எடை. ஒருவர் உயரம் அடுத்தவர் உயரத்தைத் தீர்மானிப்பதில்லை. காலத்தொடர் அப்படி இல்லை. இந்த வருடம் போன வருடத்தின் தோளில் நிற்கிறது. நாற்பத்தாறு வருடக் கணக்கு என்கிறோம், ஆனால் அது நாற்பத்தாறு தனி சாட்சிகள் இல்லை. ஒரே சாட்சி நாற்பத்தாறு தடவை வாயைத் திறக்கிறான்.

இதை நெய்வேலியில் வைத்துச் சொன்னால் எனக்கே இன்னும் நன்றாகப் புரிகிறது.

திறந்தவெளிச் சுரங்கத்தில் ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க, அதன் மேல் இருக்கிற மண்ணை ஐந்து கன மீட்டருக்கும் அதிகமாக வெட்டி அள்ள வேண்டும். ராட்சத வாளிச்சக்கர இயந்திரங்கள் இரவு பகலாக வெட்டுகின்றன, பெல்ட்டில் போய் ஒரு பக்கம் கொட்டுகிறது. நெய்வேலிக்குப் பக்கத்தில் நீங்கள் பார்க்கிற மலைகள் மலைகள் இல்லை, மண்மேடுகள். இன்றைக்கு மேட்டின் அளவு என்ன? நேற்று இருந்த அளவு, கூட இன்று கொட்டியது. ஒருநாள் கூடுதலாகக் கொட்டிவிட்டார்கள் என்றால் அந்தக் கூடுதல் நாளைக்கும் இருக்கும், அடுத்த வருடமும் இருக்கும். மேடு எதையும் மறப்பதில்லை.

இப்போது சுரங்கத்தின் அடியில் தேங்குகிற தண்ணீரைப் பாருங்கள். ஐப்பசி மழை கொட்டினால் மட்டம் ஏறும். பம்புகள் ஓடும், இறங்கும். மழை இல்லாத மாதத்திலும் நிம்மதி இல்லை. கரிப்படுகைக்குக் கீழே அழுத்தத்தோடு அடைபட்டிருக்கும் ஊற்றுநீர், மேலே உள்ள சுமையை எடுத்துவிட்டால் தரையைப் பெயர்த்துக்கொண்டு வரப் பார்க்கும். அதனால் சுரங்கம் தொடங்கிய காலத்திலிருந்து இறைத்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒருநாள் மழையின் தடம் சில நாட்களில் அழிந்துவிடும். மட்டம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே திரும்பி வரும்.

மேடு ஒரு வகைத் தொடர், தண்ணீர் மட்டம் ஒரு வகைத் தொடர். இரண்டாவதை நிலைத்த தொடர் என்பார்கள். முதலாவதுக்குப் பெயர்தான் யூனிட் ரூட் உள்ள தொடர்.

கணக்காகச் சொன்னால் ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். இந்த வருட அளவு என்பது போன வருட அளவில் இத்தனை பங்கு, கூட ஒரு புது அதிர்ச்சி. அந்தப் பங்கு 0.5 என்றால், 100 அளவுக்கு ஒரு அதிர்ச்சி அடுத்த வருடம் 50, அப்புறம் 25, அப்புறம் காணாமல் போகும். 0.95 என்றால் அது பாதிக்குக் கீழே தேய்வதற்கே பதினாலு வருடம் ஆகும். சரியாக 1 என்றால் தேயவே தேயாது. அந்தச் சமன்பாட்டின் மூலம், அதாவது ரூட், ஒன்றாக இருப்பதால்தான் யூனிட் ரூட். பெயரில் பயப்பட ஒன்றும் இல்லை, பள்ளிக்கூடத்தில் இருபடிச் சமன்பாட்டுக்கு மூலம் கண்டுபிடித்தோமே, அதே மூலம்தான். மறதி இருக்கிறதா இல்லையா என்பதற்கு ஒரு கறாரான பெயர்.

இப்போது ஒரு விளையாட்டு. ஒரு நாணயத்தை ஐம்பது தடவை சுண்டுங்கள். தலை விழுந்தால் ஒரு படி மேலே, பூ விழுந்தால் ஒரு படி கீழே என்று கோடு வரையுங்கள். பக்கத்து அறை நண்பனை அதையே தனியாகச் செய்யச் சொல்லுங்கள். இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பல தடவை, ஒன்று சொல்ல இன்னொன்று கேட்டு நடந்த மாதிரி இருக்கும். சில தடவை ஒருவருக்கொருவர் பகையாளி மாதிரி எதிரெதிரே போகும். சம்பந்தமே இல்லாத மாதிரி தெரிவதுதான் அபூர்வம். 1974இல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் கிளைவ் கிரேஞ்சரும் பால் நியூபோல்டும் இதைத்தான் கணிப்பொறியில் செய்தார்கள். ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லாத, ஐம்பது ஐம்பது புள்ளி உள்ள தொடர்களை உருவாக்கி, வழக்கமான ரெக்ரஷன் போட்டார்கள். பாடப்புத்தக விதிப்படி நூற்றுக்கு ஐந்து தடவைதான் ‘தொடர்பு உண்டு’ என்று தவறாகச் சொல்ல வேண்டும். ஏறக்குறைய முக்கால்வாசி தடவை சொன்னது.

புள்ளிகள் அதிகமானால் சரியாகிவிடும் என்று தோன்றும். அதுவும் இல்லை. 1986இல் பீட்டர் ஃபிலிப்ஸ் நிரூபித்தது இன்னும் வயிற்றைக் கலக்குவது: தரவு கூடக் கூட இந்தப் பொய் உறுதியாகிக்கொண்டே போகும். நடுவில் 1980இல் டேவிட் ஹென்ட்ரி என்பவர் ஒரு குறும்பு செய்தார். பிரிட்டனின் விலைவாசி ஏற்றத்துக்குப் பணப்புழக்கம்தான் காரணம் என்று எல்லோரும் அடித்துக்கொண்டிருந்த நேரம். பணப்புழக்கத்தைவிட அருமையாக விலைவாசியை விளக்குகிற வேறொன்றைக் கண்டுபிடித்திருக்கிறேன் என்று ஒரு படம் காட்டினார். அது ஆரம்பத்திலிருந்து கூட்டிக்கொண்டே வந்த மழையளவு. மழையைக் கூட்டிக்கொண்டே போனால் அதுவும் ஒரு மண்மேடுதானே.

சரி, எல்லாம் மேடு என்றால் எதையும் எதோடும் ஒப்பிடவே கூடாதா? ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அளவை விடு, ஒவ்வொரு வருடமும் எவ்வளவு மாறியது என்பதை மட்டும் பார். மேட்டை விடு, தினம் கொட்டியதைப் பார். இதில் ஆபத்து குறைவு. ஆனால் நீண்டகாலத்தில் எது எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்ற கேள்வியே இதில் கழுவப்பட்டுப் போகிறது. சித்தப்பாவுக்கும் எனக்கும் சண்டை வருடாந்தர மாற்றத்தைப் பற்றி இல்லையே.

கிரேஞ்சரைப் பற்றி ஒரு வார்த்தை. 1934இல் வேல்ஸின் ஸ்வான்சீயில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் ஒருநாள், ஒவ்வொருவராக எழுந்து என்ன ஆகப்போகிறாய் என்று சொல்லச் சொன்னார்கள். கணக்கை ஏதாவது உருப்படியான காரியத்துக்குப் பயன்படுத்த வேண்டும், வானிலை ஆய்வாளர் ஆகலாம் என்பது அவர் நினைப்பு. கொஞ்சம் திக்குவாய். ‘மீட்டியராலஜி’ வாயிலிருந்து வரவில்லை. வந்த வார்த்தையைச் சொல்லி உட்கார்ந்துவிட்டார்: புள்ளியியலாளர். இதை அவரே எழுதியிருக்கிறார். எனக்கு இந்த வரலாற்றில் ரொம்பப் பிடித்த இடம் இதுதான், காலத்தொடரில் ஒரு அதிர்ச்சி கடைசிவரை தேயாமல் நிற்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

அவருக்கும் ஹென்ட்ரிக்கும் ஒரு வாக்குவாதம். தனித்தனியே அலைந்துகொண்டே போகிற இரண்டு தொடர்களின் வித்தியாசம் அலையாமல் நிலைத்திருக்க முடியும் என்றார் ஹென்ட்ரி. லண்டனில் அவருடைய ஆசிரியர் டெனிஸ் சார்கன் 1964இலேயே கூலியையும் விலையையும் வைத்து அந்தத் திசையில் போயிருந்தார். முடியாது, தப்பு என்று நிரூபிக்கிறேன் பார் என்று போனார் கிரேஞ்சர். எழுதிக்கொண்டே போனபோது, ஹென்ட்ரி சொன்னது சரி என்றுதான் நிரூபணம் வந்து நின்றது. அதைப் பொதுமைப்படுத்தி, ராபர்ட் எங்கிளோடு சேர்ந்து 1987இல் வெளியிட்டார். கோ-இன்டக்ரேஷன் என்று பெயர் வைத்தார்கள். கூட்டிணைவு என்று சொல்லலாம். 2003இல் இருவருக்கும் பொருளாதாரத்துக்கான நோபல் கிடைத்தது, கிரேஞ்சருக்குக் கொடுத்ததற்கான காரணமாகச் சொல்லப்பட்டது இதுதான்.

இது என்ன என்று சித்தப்பாவிடம் சொல்ல முயன்றபோது, வழக்கமாகப் பாடத்தில் சொல்கிற குடிகாரனும் அவன் நாயும் கதையைத்தான் சொன்னேன். இருவரும் கண்டபடி அலைவார்கள், ஆனால் ஒருவரைவிட்டு ஒருவர் ரொம்ப தூரம் போகமாட்டார்கள். அவர் அதை ரசிக்கவில்லை. “இது எங்க பங்கர் கதைடா” என்றார்.

பங்கர் என்றால், சுரங்கத்துக் கரி பெல்ட்டில் வந்து, அனல்மின் நிலையக் கொதிகலனுக்குள் போவதற்கு முன்னால் விழுகிற தொட்டி. நெய்வேலியின் விசேஷமே சுரங்கமும் மின்நிலையமும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது. எவ்வளவு வெட்டினார்கள் என்பது ஒரு தொடர். எவ்வளவு எரித்தார்கள் என்பது இன்னொரு தொடர். இரண்டும் வருடக்கணக்கில் மேலே போகும், கீழே வரும், எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் நடுவில் கிடக்கிற கையிருப்பு மட்டும் எல்லை தாண்டாது. தாண்ட முடியாது. பழுப்பு நிலக்கரியில் பாதிக்குப் பாதி ஈரம். அதைக் குவித்துப் பல நாள் போட்டுவைத்தால் தானாகவே புகைந்து தீப்பிடிக்கும். அதனால் ஸ்டாக் ஏறினால் வெட்டுவதைக் குறைப்பார்கள். ஸ்டாக் இறங்கினால் கன்ட்ரோல் ரூமிலிருந்து போன் மேல் போன் வரும்.

“அந்த போனுதான் சித்தப்பா விஷயமே” என்றேன். வித்தியாசம் ரொம்ப விலகினால் அதைப் பிடித்து இழுக்கிற ஏதோ ஒன்று இருக்க வேண்டும். பிழை திருத்தப் பொறிமுறை என்று இதைச் சொல்வார்கள். கூட்டிணைவு இருந்தால் இப்படி இழுக்கிற கை கட்டாயம் இருக்கும் என்பதும், இழுக்கிற கை இருந்தால் கூட்டிணைவு இருக்கும் என்பதும் எங்கிள்–கிரேஞ்சர் கட்டுரையின் மையமான தேற்றம். உற்பத்தி, விற்பனை, கையிருப்பு மூன்றையும் வைத்து 1989இல் கிரேஞ்சரும் லீயும் எழுதிய கட்டுரை, சித்தப்பா சொன்ன இதே பங்கர் கணக்கின் பொது வடிவம்தான். அவருக்கு இது ரொம்பச் சந்தோஷம்.

ஆக, சோதனை இரண்டு கட்டம். முதலில் ஒவ்வொரு தொடரும் மேடா, தண்ணீர் மட்டமா என்று பார்க்க வேண்டும். இதற்கான முதல் நம்பகமான கருவி 1979இல் அயோவாவில் டேவிட் டிக்கி, வேய்ன் ஃபுல்லர் இருவரும் கொடுத்தது. யூனிட் ரூட் இருக்கும் இடத்தில் வழக்கமான அட்டவணை செல்லாது. சாதாரணமாக −1.65ஐத் தாண்டினால் போதும் என்கிற இடத்தில், இங்கே −2.86ஐத் தாண்ட வேண்டும். யூல் பயந்த ஆபத்துக்கு ஐம்பத்துமூன்று வருடம் கழித்து வந்த அளவுகோல். இரண்டாவது கட்டம், இரண்டும் மேடு என்றால், அவற்றுக்கு நடுவில் ஒரு பங்கர் இருக்கிறதா என்று பார்ப்பது. எங்கிள்–கிரேஞ்சர் ஒரு வழி, டென்மார்க்கின் சோரன் யோஹான்சன் 1988இல் சொன்னது இன்னொரு வழி. அதற்குப் பிறகுதான் எது எதை இழுக்கிறது என்ற கேள்வி. 1969இலேயே கிரேஞ்சர் அதற்கு ஒரு எளிய வரையறை தந்திருந்தார்: வருமானத்தின் பழைய கணக்கு கையில் இருக்கும்போது, மின்சாரத்தின் பழைய கணக்கையும் சேர்த்தால் நாளைய வருமானத்தை இன்னும் நன்றாகக் கணிக்க முடிகிறதா? முடிந்தால், மின்சாரம் வருமானத்துக்கு ‘கிரேஞ்சர்-காரணம்’. கோழி கூவுவதை வைத்து விடியலைக் கணிக்கலாம், அதனால் கோழி கூவியா பொழுது விடிகிறது என்று நீங்கள் கேட்டால், நியாயம். அவரும் அந்தச் சொல்லை ஒரு சின்ன அர்த்தத்தில்தான் வைத்தார். ஜனங்கள்தான் பெரிதாக்கினார்கள்.

இந்தக் கருவிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு இந்தியாவின் கணக்கைத் திறந்தவர்கள் உண்டு. எங்கள் டீக்கடைச் சண்டையை அவர்கள் ஆய்விதழ்களில் போட்டார்கள்.

1996இல் மாசிஹ், மாசிஹ் என்ற இருவர் ஆசிய நாடுகள் ஆறை எடுத்துப் பார்த்தார்கள். இந்தியாவில் எரிசக்தியும் வருமானமும் கூட்டிணைந்தவை, எரிசக்திதான் வருமானத்தை இழுக்கிறது என்றார்கள். சித்தப்பா கட்சி. 1999இல் பெஞ்சமின் செங், 1952 முதல் 1995 வரை இந்தியக் கணக்கை வைத்துப் பார்த்துவிட்டு, இல்லை, வளர்ச்சிதான் எரிசக்தியை இழுக்கிறது என்றார். என் கட்சி. 2000இல் அசாஃபு-அட்ஜாயே மறுபடியும் சித்தப்பா பக்கம். 2002இல் சஜல் கோஷ், எரிசக்தி என்று பொதுவாகச் சொல்லாமல் மின்சாரத்தையே எடுத்தார். 1950–51 முதல் 1996–97 வரை தலைக்கு எவ்வளவு மின்சாரம், தலைக்கு எவ்வளவு ஜிடிபி. இரண்டுமே யூனிட் ரூட் உள்ளவை என்று கண்டார். ஆனால் நடுவில் பங்கர் இல்லை, நீண்டகாலப் பிணைப்பே இல்லை என்றார். குறுகிய காலத்தில் மட்டும் வளர்ச்சியிலிருந்து மின்சாரத்துக்கு ஒருவழிப் பாதை. 2004இல் பால், பட்டாச்சார்யா இருவரும் முரண்படும் முடிவுகள் என்றே தலைப்பில் குறிப்பிட்டு, 1950–1996 கணக்கை மறுபடி போட்டு, இரண்டு பக்கமும் இழுக்கிறது என்று முடித்தார்கள்.

ஒரே நாடு, கிட்டத்தட்ட ஒரே காலம். தெற்கு, வடக்கு, இரண்டும், ஒன்றுமில்லை என்று எல்லாப் பதிலும் வந்துவிட்டது.

இதைப் படித்து முடித்த நாளில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அறுபது எழுபது வருடமாக இத்தனை மூளைகள் உழைத்துச் செய்த தராசு, நிறுத்துப் பார்த்தால் ஆளுக்கொரு எடை காட்டுகிறது. ஆனால் மெதுவாக யோசித்தால் தராசு பொய் சொல்லவில்லை என்று தோன்றுகிறது. நாம் அதில் வைத்தது என்ன என்று பார்க்க வேண்டும்.

முதலில், வெறும் நாற்பத்துச் சொச்சம் புள்ளிகள். பங்கு 1ஆ, 0.95ஆ என்று இவ்வளவு சின்னக் கணக்கில் பிரித்தறிவது கஷ்டம். பதினாலு வருடத்தில் பாதியாகத் தேய்கிற அதிர்ச்சியை, நாற்பத்தேழு வருடக் கணக்கில் எத்தனை தடவை முழுதாகப் பார்க்க முடியும்? மூன்று தடவை. மூன்று தடவை பார்த்துவிட்டு ஒரு ஆளின் குணத்தைச் சொல்ல முடியுமா என்ன.

இரண்டாவது, மின்சாரத் தொடர் வழவழப்பாக வளர்கிற கோடு இல்லை. அது படிக்கட்டு. நெய்வேலியையே பாருங்கள். 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் தோண்டிய கிணற்றில் கருப்பாக ஏதோ வந்தது. 1956 நவம்பரில் நிறுவனம் பதிவானது, 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கத்தைத் தொடங்கி வைத்தார். 1961 ஆகஸ்டில்தான் கரியே கண்ணில் பட்டது. 1962இல் சோவியத் உதவியோடு முதல் 50 மெகாவாட் யூனிட் ஓடியது. 1970இல் 600 மெகாவாட். கிணற்றில் கருப்பு தெரிந்ததிலிருந்து பல்பு எரிய கால் நூற்றாண்டுக்கு மேல். ஒவ்வொரு யூனிட்டும் ஒரு படி. படிகள் உள்ள தொடரை டிக்கி–ஃபுல்லர் சோதனையில் போட்டால் யூனிட் ரூட் இல்லாத இடத்திலும் இருப்பதாக அது சொல்லிவிடும் என்று 1989இல் பியர் பெரோன் காட்டினார்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. செலவான மின்சாரம் என்று நாம் எழுதுகிற எண், ஜனங்கள் கேட்ட மின்சாரம் இல்லை, கிடைத்த மின்சாரம். 2012இல் தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களுக்குத் தெரியும், தெருவே இருட்டில் உட்கார்ந்து கொசு அடித்துக்கொண்டிருந்த அந்த ராத்திரிகளில் ‘நுகர்வு’ குறைந்தது என்றுதான் கணக்கு சொல்லும். போதாததற்கு, விவசாய பம்புசெட்டுகளுக்கு இலவச மின்சாரம் வந்தபின் மீட்டரே பார்க்கப்படாத பெரும் பங்கு ஒன்று உண்டு, அது மதிப்பீடு. ஒரு தொடரில் பாதி பசி, பாதி ரேஷன், கொஞ்சம் ஊகம். பிறகு எது எதை இழுக்கிறது என்று கேட்கிறோம்.

இன்னொன்றும் உண்டு. பதில் இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் மாறலாம். 1932இல் பைக்காரா நீர்மின்சாரம் வந்தபின் கோயம்புத்தூரில் மில்கள் முளைத்த வேகத்தைப் பார்த்தால் சித்தப்பா சொல்வதுதான் சரி. அந்த மில்களும் மெட்ராஸும் வளர்ந்து, மழை பொய்த்தால் அணைகளை நம்ப முடியாது, நிலக்கரியோ வெளியிலிருந்து ரயிலில் வர வேண்டும் என்று தவித்ததைப் பார்த்தால், நெய்வேலி விஷயத்தில் நான் சொல்வது சரி. இந்தியா முழுவதையும் ஒரு கோடாகச் சுருட்டி, ஐம்பது வருடத்துக்கும் ஒரே பதில் கேட்டால், அந்தக் கோட்டில் பைக்காராவும் இருக்கும், நெய்வேலியும் இருக்கும். ஒன்று வடக்கே கை காட்டும், ஒன்று தெற்கே.

இதனால் சோதனையே வீண் என்று சொல்பவர்களோடு நான் இல்லை. எக்செல் படத்தை வைத்துக்கொண்டு நான் குதித்த அன்று எனக்குத் தேவைப்பட்டது இந்தச் சோதனைதான். ‘மின்சாரம் இல்லாமல் வளர்ச்சி இல்லை’ என்பதை நிரூபிக்கப்பட்ட உண்மை மாதிரி மேடையில் சொல்கிறவர்களுக்கு, இந்தியக் கணக்கில் அது நிரூபணமாகவில்லை என்று சொல்ல முடிகிறது. ‘மின்சாரத்துக்கும் வளர்ச்சிக்கும் சம்பந்தமே இல்லை’ என்று எதிர்ப்பக்கம் யாராவது ஆரம்பித்தால் அவர்களுக்கும் அதையே சொல்ல முடிகிறது. வளையமாதேவி வயலின் விஷயம் இந்தக் கோடுகளில் இல்லை. அந்த வயல் யாருடையது, அதற்கு என்ன கிடைக்கும், யார் தீர்மானிப்பது என்பதெல்லாம் வேறு கேள்விகள். அவற்றுக்குப் பதில் சொல்லாமல் தப்பிக்கத்தான் பல தடவை வளர்ச்சிக்கோட்டைப் படம் போட்டுக் காட்டுகிறார்கள் என்பது என் சந்தேகம்.

போன தடவை கண்காட்சியில் இதையெல்லாம் சித்தப்பாவிடம் சொன்னேன். அஞ்சு கட்டுரை, நாலு பதில். பொறுமையாகக் கேட்டார்.

“நாலு பேருக்கும் ஒரே கணக்கு நோட்டா குடுத்தாங்க?”

“கிட்டத்தட்ட.”

“அப்போ நோட்டுல கோளாறு இருக்கும்” என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. முதல் அனல்மின் நிலையம் இருந்த திசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். 1962இல் ஓட ஆரம்பித்த அது 2020 செப்டம்பரோடு ஓய்வு பெற்றுவிட்டது. அவர் வாழ்க்கையில் பாதி, அந்தப் பக்கம் போன பெல்ட்டோடு போனது.

“அங்க யூனிட் ட்ரிப் ஆச்சுன்னா எங்களுக்கு இங்க பெல்ட் நிக்கும். பெல்ட் நின்ன உடனே காது அடைச்ச மாதிரி ஆயிடும் தெரியுமா, அவ்வளவு அமைதி. எவன் முதல்ல நிறுத்துனான்னு யாரும் கேக்க மாட்டோம். மறுபடி எப்போ ஓடும்னுதான் கேப்போம்.”

டீக்குக் காசு இந்தத் தடவை அவர் கொடுத்தார். உள்ளே போய் எனக்கு ஒரு அகராதியும் வாங்கிக் கொடுத்தார், அட்டை கெட்டியாக இருந்ததால்.